துபாஷி விழுங்கிய வார்த்தை

சைகோன் திரிபுனாலில், அதாவது பிரெஞ்சுக்காரர்களின் கோர்ட்டில், முசே எட்மோன் துபாஷியாக இருந்தார். ஜவுளிக்கடைத் தகராறு, காவல்காரர்களின் அடிதடி, பால்காரன் மாடு அடுத்தவன் தோட்டத்தில் மேய்ந்தது என்று தமிழன் வாய் திறக்க வேண்டிய வழக்கு எதுவானாலும், அந்தத் தமிழைப் பிரெஞ்சாக்கி நீதிபதியிடமும், நீதிபதியின் பிரெஞ்சைத் தமிழாக்கிக் கூண்டில் நிற்பவனிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் உத்தியோகம். அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. திருட்டு வழக்கில் மாட்டிய காவல்காரன் ஒருவன், கூண்டில் நின்றபடியே நீதிபதியின் தாயாரைப் பற்றித் தமிழில் ஒரு வசவு விட்டானாம். வேறொரு துபாஷியாக இருந்தால் ஒரு தரம் இருமிவிட்டு, "நீதிபதி சமூகம் இரக்கம் காட்ட வேண்டுமென்று கேட்கிறான்" என்று ஒப்பேற்றியிருப்பார். எட்மோன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த வசவை இலக்கணம் பிசகாத பிரெஞ்சில், நீதிபதியின் முகத்தைப் பார்த்தே சொன்னாராம். காவல்காரனுக்குத் தண்டனை கூடியது. எட்மோனுக்குப் பாராட்டு கிடைத்தது.

"சத்தியம் பண்ணிட்டு நிக்கிறேன். அவன் வாயில எது வந்துச்சோ அதத்தான் நான் சொல்லணும். கூட்டவும் எனக்கு உரிமை இல்ல, குறைக்கவும் உரிமை இல்ல" என்று விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அவர் மனைவி உள்ளே கோழிக் குழம்பைக் கிண்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எத்தனை தரம் கேட்டிருந்தாலும் அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

நான் சொல்ல வந்தது அந்த மனைவியைப் பற்றித்தான். ஆனால் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் அந்த வீட்டில் எதுவும் அவரைக் கேட்காமல் நடந்ததில்லை.

அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அந்தோணியம்மாள். காரைக்காலில் மாதா கோயில் பக்கத்து வீடு. எட்மோனின் குடும்பமோ புதுச்சேரியில், தமிழ் வழமைகளை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கீழே வருகிறோம் என்று மனமொப்பி வந்த குடும்பம். அந்த வீட்டு மருமகள் அந்தோணியம்மாளாக இருந்தால் நன்றாக இருக்குமா? கப்பலில் சைகோன் வந்து இறங்குவதற்குள் அவளை அந்துவானேத் ஆக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தொப்பியும் காலுறையும் போட வைத்தார். போன்ழூர், மெர்சி, சில ஜெபங்கள், இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு. சபையில் கொஞ்சம் சிரித்துத் தலையைச் சாய்த்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் அந்த ஊர் மக்களின் பாஷை, அன்னாமியப் பாஷை, அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபத்தைந்து வருஷம் சந்தையில் மீன்காரிகளோடு மல்லுக்கு நின்று கற்றது. எட்மோனுக்கு அது பிடிக்காது. "கோர்ட்டுத் துபாஷி வீட்டுல மீன்காரி பாஷை எதுக்கு?" என்பார். அவருக்கு அதில் பத்துச் சொல்கூடத் தெரியாது. தெரியாததை ஒரு கௌரவமாகவே வைத்திருந்தார்.

பிள்ளைகள் இருவரும் வளர்ந்து போய்விட்டார்கள். பெரியவன் துலோனில் பட்டாளத்தில் இருந்தான். மகள் எலென் புருஷனோடு புனோம்பென்னில் குடியிருந்தாள். ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்து, மறுபடியும் கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்த காலம். அந்தோணியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. அப்போதுதான் அவள் உடம்பு அவளை ஏய்க்க ஆரம்பித்தது.

முதலில் இரண்டு மாதம் தூரமே வரவில்லை. சரி, விட்டது தொல்லை என்று நினைத்தாள். மூன்றாம் மாதம் வந்தது, வந்தது போகவில்லை. பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து நாலாய் மடித்து வைத்தாள். அது போதாமல் எட்டாய் மடித்தாள். அதுவும் போதாமல், சாப்பாட்டு மேசைக்கு விரித்திருந்த மெழுகுத்துணியில் ஓரத்தை வெட்டி அடியில் கொடுத்தாள். மேசை விரிப்பு ஏன் சின்னதாகிவிட்டது என்று எட்மோன் கேட்டார். எலி கடித்துவிட்டது என்றாள்.

பூசைக்குக் கறுப்புப் பாவாடை மட்டுமே உடுத்தினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் போன பிறகு எழுந்தாள். ஆள் இழுக்கும் புஸ்புஸ் வண்டியில் ஏறினால் இருக்கையில் முதலில் ஒரு துண்டை விரித்து அதன்மேல்தான் உட்கார்ந்தாள். துணிகளை வேலைக்காரி வருமுன் கொல்லைக் குழாயடியில் உப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப்போட முடியாமல் கட்டிலுக்குப் பின்னால் கொடி கட்டி உலர்த்தினாள். மழைக்காலத்தில் அவை உலர்வதும் இல்லை. ஈரத் துணியையே வைத்துக்கொண்டதில் தொடையெல்லாம் புண்ணானது. மாடிப்படி நாலு ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அரிசி களைகிறபோது ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றாள். பச்சை அரிசி அப்படி ருசிக்கும் என்று அவளுக்கு முன்பு தெரியாது.

பக்கத்து வீட்டில் மீனாம்பாள் இருந்தாள். காரைக்கால்காரி. அவள் புருஷன் துறைமுகத்தில் கிடங்குக் காவல். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். அந்தோணியம்மாளின் உதடு வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டு அவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள். கேட்டபின் வாழைப்பூவை இடித்துச் சாறெடுத்துத் தயிரில் கலந்து கொடுத்தாள். அத்திப்பட்டைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் மட்டுப்பட்டது போல இருந்தது.

"நிக்கப்போற காலத்துல இது ஆட்டம் காட்டத்தான் செய்யும்க்கா. எங்க சின்னம்மாவுக்கும் இருந்துச்சு. ஆனா ஒங்களுக்குப் போற மாதிரி இல்ல. இது பெரும்பாடு. என் கஷாயத்துக்கெல்லாம் நிக்காது. வெள்ளக்கார டாக்டர்ட்ட போங்க. ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத டாக்டரா?"

அந்தோணியம்மாளுக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. அதை மீனாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை. காரைக்காலில் அவளுடைய அக்கா இதே வயதில் போய்ச் சேர்ந்தாள். கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் சோகை என்றார்கள். கட்டிலுக்கடியில் சட்டி வைத்திருந்த கதையை வெகுநாள் கழித்து ஒருத்தி வாய்தவறிச் சொன்னாள். அக்கா செத்தது ரத்தம் போய். அந்தச் சாவு தனக்கும் வருகிறது என்று அந்தோணியம்மாள் நம்பினாள். சாகப் பயமாக இருந்தது. அக்காவைப் போல, எதனால் என்று யாரும் சொல்லாமல் சாவது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எட்மோனிடம் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேச்சை அவரிடம் எடுத்ததே கிடையாது. அந்த நாட்களில் பாயைத் தனியாக விரிப்பாள், அவர் புரிந்துகொள்வார், அவ்வளவுதான். இப்போது உட்கார்ந்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். எப்போது ஆரம்பித்தது, எப்படிக் கட்டி கட்டியாகப் போகிறது, எத்தனை துணி, அக்கா எப்படிச் செத்தாள், எல்லாம். எட்மோன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். காது மடல் சிவந்துவிட்டது.

"சரி, சரி. முசே ஜெரார்ட்ட கூட்டிட்டுப் போறேன். ஊர்ல அவர விட்டா ஆளில்ல" என்றார்.

அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. நல்ல மனுஷனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி கூட ஏற்றினாள்.

டாக்டர் ஜெரார் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கொலை வழக்கு, வெட்டுக்குத்து வழக்கு என்றால் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கும் வருவார். காயம் எத்தனை ஆழம், எந்த ஆயுதம் என்று அவர் சொல்வதை எட்மோன்தான் தமிழில் குற்றவாளிக்குச் சொல்வார். ஒரு வெள்ளைக்காரர் எட்மோனைக் கண்டதும் தொப்பியை லேசாகத் தூக்குவார் என்றால் அது அவர் ஒருவர்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேட்டுக்கும் காரணம் இந்தத் தொப்பிதான்.

டாக்டரின் அறையில் மேலே பங்கா ஆடிக்கொண்டிருந்தது. அந்தோணியம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, புருஷனிடம் சொன்ன அத்தனையையும் மறுபடி தமிழில் சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சொன்னாள். முடித்தபோது முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

எட்மோன் டாக்டர் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார். அது சீக்கிரமே முடிந்துவிட்டது. இத்தனை நேரம் தான் சொன்னது இவ்வளவுதானா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. படித்தவர்கள் பாஷை, சுருக்கமாகத்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே அமுக்கினார். என்னவோ கேட்டார். எட்மோன் அவள் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார்.

"என்ன கேட்டாரு?"

"வயசு."

டாக்டர் மறுபடி அவள் இமையை இழுத்தார். இந்தத் தடவை நிதானமாக, அவளைப் பார்த்தபடியே இன்னொன்று கேட்டார். எட்மோன் லேசாகச் சிரித்து, தலையை ஆட்டி, நாலைந்து வார்த்தை சொன்னார்.

"இப்ப என்ன கேட்டாரு?"

"பசிக்குதான்னு. நல்லாச் சாப்புடுறான்னு சொன்னேன்."

டாக்டர் கொய்னா மருந்தும் ஒரு சத்து டானிக்கும் கொடுத்தார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது அவள் கேட்டாள். "நான் சொன்னதெல்லாம் சொன்னீங்களா?"

"என் தொழிலே அதுதான?" என்றார் எட்மோன்.

அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. யாரிடம் போய் யார் கேட்பது? கொலைகாரனின் சொல்லைக்கூட அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறவரிடம், தாலி கட்டிய பெண்சாதி சந்தேகப்பட முடியுமா?

கொய்னா குடலைப் புரட்டும் கசப்பு. குடித்தால் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும். அவள் ஒரு வேளை தவறாமல் குடித்தாள். வெள்ளைக்கார மருந்தோடு வேறு எதுவும் சேரக்கூடாது என்று மீனாம்பாளின் கஷாயத்தை நிறுத்திவிட்டாள். ரத்தம் முன்னைவிட அதிகமாகத்தான் போனது.

"அக்கா, கொய்னா மலைக்காய்ச்சலுக்குல்ல குடுப்பாங்க?" என்று மீனாம்பாள் கேட்டாள்.

"டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் குடுத்திருக்காரு. அவருக்குத் தெரியாதா?" என்று அந்தோணியம்மாள் கடிந்துகொண்டாள். மீனாம்பாள் முகம் சுருங்கிப் போனாள். பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு?

அந்தோணியம்மாளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இப்படி ஒரு வியாதியைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் எப்படி அசையாமல் உட்கார்ந்து கொய்னா கொடுத்தார் என்று. ஒருவேளை நம் வியாதி ஒன்றும் பெரிதில்லை போலிருக்கிறது, நாம்தான் பயந்து சாகிறோம் என்று நினைத்தாள். தன் உடம்பில் நடப்பதைத் தானே நம்பாமல் போகிற அளவுக்கு வந்துவிட்டாள். அந்தத் துரோகத்தில் இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புதுச் சந்தையின் மீன் வரிசையில் விழுந்தாள். விரால் மீனைக் கையில் எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, திடீரென்று காலோடு சூடாக இறங்கியது. மெழுகுத்துணியெல்லாம் அதற்கு எந்த மூலைக்கு? தரையில் ஏற்கெனவே மீன் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு இதுவும் சேர்ந்து ஓடுவதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சரிந்தாள்.

மீன்காரிகள் கத்திகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஆண்கள் எட்டிப் பார்க்க வந்தபோது, அந்தப் பெண்கள் தங்கள் ஓலைத் தொப்பிகளைக் கழற்றி அவளைச் சுற்றி மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் தலைத்துணியை உருவி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். இத்தனை வருஷம் அவளோடு விலைக்கு வாயாடியவர்கள். அவர்கள்தான் அவளை வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியின் பெண்கள் பகுதிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். கோ நாம், அதாவது ஐந்தாமவள், என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். பிறந்த வரிசையை வைத்துக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். பிரெஞ்சுக்காரர்களிடம் படித்துத் தேறியவள், முப்பது வயதிருக்கும். ஈரத் துணிகளை அகற்றிக்கொண்டே கேள்வி கேட்டாள். அந்தோணியம்மாள் கண்ணை மூடியபடி அன்னாமியப் பாஷையில் பதில் சொன்னாள். தமிழில் இதைப் பேச அவளிடம் இருந்ததெல்லாம் தூரம், விலக்கு, அது என்று ஒதுங்கி நிற்கிற சொற்கள். மீன்காரிகளின் பாஷையிலோ எல்லாவற்றுக்கும் நேரான சொல் இருந்தது. சந்தையில் அவர்கள் இதையெல்லாம் சத்தமாகவே பேசிக்கொள்வார்கள். கூச்சப்பட அவளுக்குத் தெம்பும் இல்லை.

"டாக்டர்கிட்ட காட்டலையா?" என்றாள் கோ நாம்.

"காட்டினேன். டாக்டர் ஜெரார்கிட்ட. கொய்னா குடுத்தாரு."

"இதுக்கா?"

கோ நாம் போய் டாக்டரையே அழைத்து வந்தாள். ஜெரார் கட்டிலில் கிடப்பவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "மதாம் எட்மோன்" என்றார். கோ நாம் பிரெஞ்சில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். அந்தோணியம்மாள் அந்த நீளத்தைக் கவனித்தாள். டாக்டரின் முகம் மாறுவதையும் கவனித்தாள்.

"போன தடவை வந்தப்ப இதை ஏன் சொல்லலைன்னு கேக்குறாரு" என்று கோ நாம் திரும்பிச் சொன்னாள்.

"சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். அவர் முன்னாடி உட்கார்ந்துதான் சொன்னேன்."

அதைக் கோ நாம் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் குனிந்து அவள் இமையை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் என்னவோ சொன்னார். கோ நாம் கேட்டுவிட்டு ஈரத் துணிகளை ஒதுக்கி வைக்கத் தொடங்கினாள்.

"சொல்லு" என்றாள் அந்தோணியம்மாள்.

"உங்க வீட்டுக்காரர், விட்டு விட்டுக் காய்ச்சல் வருது, அசதியா இருக்குன்னு சொன்னாராம். கண்ணு அப்படி வெளுத்திருக்கேன்னு டாக்டருக்கே சந்தேகம். மாசப்போக்கு எப்படி இருக்குன்னு கேட்டாராம். அதுல ஒரு குறையும் இல்ல, எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராம்."

பசிக்குதான்னு.

அந்த இரண்டாவது கேள்வி. டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டு கேட்ட கேள்வி. உண்மை வாசல்வரை வந்து நின்றிருக்கிறது, டாக்டரே கதவைத் தட்டியிருக்கிறார், இவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தியிருக்கிறார். சொல்ல மறந்தார் என்று வைத்துக்கொள்ள வழியில்லை. சொல்லக் கூசினார் என்றுகூட விட்டுவிடலாம். கேட்ட பிறகும் இல்லை என்றிருக்கிறாரே. அந்தோணியம்மாளுக்கு அடிவயிற்று வலியெல்லாம் மறந்துபோயிற்று. தான் கசக்கக் கசக்கக் குடித்த ஒவ்வொரு கொய்னாவும் நினைவுக்கு வந்தது. மீனாம்பாளைக் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி நினைவுக்கு வந்தது. வாய்விட்டு அழுதாள். கோ நாம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தகவல் தெரிந்து எட்மோன் சாயங்காலம் கோர்ட்டு உடுப்போடு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை, அவருக்கும். உண்மையாகவே பயந்துபோயிருந்தார், அதை நான் மறைக்க விரும்பவில்லை. டாக்டர் ஜெரார் கட்டிலருகே நின்றிருந்தார். மறுநாள் காலையில் மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யப்போவதாகவும், அதில் உள்ள அபாயத்தையும் அவர் பிரெஞ்சில் விளக்கினார். எட்மோன் பழக்க தோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"அந்துவானேத், டாக்டர் என்ன சொல்றாருன்னா..."

அவள் கையைத் தூக்கினாள். கோ நாமைப் பார்த்து அன்னாமியத்தில் சொன்னாள். "இவர் வேண்டாம். இவர் சொல்றத நான் நம்ப மாட்டேன். நீ சொல்லு."

கோ நாம் அதை டாக்டரிடம் பிரெஞ்சில் சொன்னாள். ஒரு வார்த்தையையும் விடவில்லை. எட்மோன் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் அவரைப் பார்க்காமலே வாசல் பக்கம் கையைக் காட்டினார். தொப்பியைத் தூக்குகிற அந்தக் கைதான். எட்மோன் வெளியே போய்த் தாழ்வாரத்து விசுப்பலகையில் உட்கார்ந்தார். திரைக்கு இந்தப் பக்கம் டாக்டர் பிரெஞ்சில் சொல்ல, கோ நாம் அன்னாமியத்தில் சொல்ல, அந்தோணியம்மாள் கேள்வி கேட்டாள். கர்ப்பப்பையில் பொல்லாத வியாதி ஏதும் இருக்குமா என்று கேட்டாள். செத்துப்போவேனா என்று கேட்டாள். பார்த்தால்தான் தெரியும் என்ற பதிலும், இருக்கிறபடி விட்டால் நிச்சயம் சாவு என்ற பதிலும் வந்தன. செய்யுங்கள் என்றாள். தாழ்வாரத்தில் இருந்தவருக்குத் தன் மனைவியின் குரல் கேட்டது. என்ன பேசுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

மறுநாள் சுத்தம் செய்து பார்த்ததில் பொல்லாத வியாதி இல்லை. இந்த வயதில் சிலருக்கு இப்படி உடைப்பெடுக்கும் என்றும், இன்னும் கொஞ்ச காலம் வந்து பிறகு தானே நின்றுவிடும் என்றும் டாக்டர் சொன்னார். மறுபடி இப்படிப் போனால் அன்றைக்கே வரவேண்டும், நேரே கோ நாமிடம் வரவேண்டும் என்றார். ஈரலும் கீரையும் தின்னச் சொன்னார்கள், இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். ஒருமுறை அப்படி மறுபடியும் வந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் தானே வண்டி பிடித்துப் போய், ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். ஐம்பத்தொன்றாம் வயதில் எல்லாம் நின்றது. அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தாள். தெருவில் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தச் சங்கடம் வந்தாலும், புருஷனை வீட்டில் விட்டுவிட்டு வா என்று கையைப் பிடித்துக் கோ நாமிடம் கூட்டிப்போவாள். தொப்பி போடுவதை நிறுத்திவிட்டாள். பூசைக்குச் சேலையில்தான் போனாள். அந்துவானேத் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

மத்தியானம். எட்மோன் கோர்ட்டுக்குப் போகவில்லை. தானே கஞ்சி காய்ச்சியிருந்தார். அடிப்பிடித்த வாடை வீடெல்லாம் அடித்தது. கிண்ணத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார் போல.

"அந்த மனுசன் முன்னாடி நான் தெனம் நிக்கணும். கோர்ட்டுல என்னய ஒரு ஆளா மதிக்கிறது அவரு ஒருத்தர்தான். என் பொண்டாட்டிக்கு அங்க ரத்தம் போவுதுன்னு அவர்ட்ட எப்படிச் சொல்லுவேன்? நாக்கு எழும்பல. ஒன் மானத்தையும் நெனச்சுத்தான்."

"என் மானத்த நீங்க நெனைக்க வேணாம். அத நான் அன்னிக்கே அவர் முன்னாடி எறக்கி வச்சிட்டேன். வாய்விட்டுச் சொன்னது நான்தான்."

"மருந்து குடுத்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

"எந்த மருந்து? காய்ச்சலுக்கா?"

எட்மோன் கஞ்சிக் கிண்ணத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"கோர்ட்டுல ஒரு திருட்டுப்பய வைஞ்சதக்கூட அப்படியே சொன்னீங்க. நான் சாகப்போறேன்னு சொன்னேன். அதச் சொல்லல. அவரு கேட்டாரு. அப்பவும் இல்லன்னீங்க. ரெண்டு மாசமா நான் கொய்னாவக் குடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். தெனம் பாத்தீங்க. துணி அலசப் போறதப் பாத்தீங்க. அப்பக்கூடத் திரும்பிப் போய்ச் சொல்லணும்னு தோணல."

"தப்புதான்" என்றார். "தப்புதான் அந்தோணியம்மா."

கப்பலேறிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயில் அவள் கேட்டதில்லை. மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தாள். நாள்கணக்காக அவளை அரித்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் அன்னிக்கி மீன் சந்தையிலயே செத்திருந்தா, இதே டாக்டர்தான வந்து பாத்திருப்பாரு. என்ன ஆச்சு, எதனால செத்தான்னு ஒங்களத்தான கேட்டிருப்பாரு. என்ன சொல்லியிருப்பீங்க?"

எட்மோன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். அவளைச் சமாதானப்படுத்த அந்த ஒரு பொய் போதும், அதுவும் அவருக்குத் தெரியும்.

"காய்ச்சல்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"கஞ்சி ஆறிப்போச்சு. எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.